கொல்லிமலைச் சரித்திரம்: ஸ்காட்லாந்துப் பாதிரிமாரும் 160 கேள்விகளும்

வல்வில் ஓரியின் வில்லாண்மையையும், திருமுடிக்காரியின் கையால் அவன் மாண்டபின் இம்மலை சேரர் வசமான வரலாற்றையும், ஐயாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் அறப்பளீசுவரர் ஆலயத்தின் தொன்மையையும் சென்ற அத்தியாயங்களில் கண்டோம். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவருள் ஒருவர் கொல்லியிலும் ஏனைய இருவர் சேர்வராயனிலும் பச்சைமலையிலுமாகக் குடிபுகுந்தனர் என்று, மலையாளிகள் எனப் பெயர் வழங்கும் நம் மலைக்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விருத்தாந்தத்தையும் கேட்டோம். இனி முறைப்படி அதற்கடுத்த காலத்துக்கு வரவேண்டும். ஆனால் அங்கேதான் சரித்திரக்காரனுடைய கை தயங்குகிறது. ஓரி வேட்டையாடிய விதம் புலவர் வாக்கால் நமக்குத் தெரியும். அரசர் கோயிலுக்கு விட்ட நிவந்தம் கல்லெழுத்தால் தெரியும். ஆனால், இருநூறு வருஷங்களுக்கு முன்பு வளப்பூர் நாட்டில் எத்தனை குடும்பங்கள் இருந்தன, சேலூர் நாட்டில் எந்தக் கொல்லைக்காட்டில் சாமையும் எந்த வயலில் நெல்லும் விளைந்தன, பெண்ணுக்குப் பரிசம் என்ன கொடுத்தார்கள், கொடுங்காய்ச்சல் வந்தபோது யார் வைத்தியம் பார்த்தார்கள், மலையடிவாரத்துச் சந்தைக்கு எதைச் சுமந்துபோய் எதைச் சுமந்துவந்தார்கள் என்று கேட்டால், விடை சொல்லும் ஏடு ஒன்றும் நம் கைவசம் இல்லை.

இத்தகைய கேள்விகளுக்கு விடை இல்லாமற்போவது விதியின் செயலன்று. மனிதர் ஒருகாலத்தில் உட்கார்ந்து எழுதினால் விடை இருக்கும், எழுதாவிட்டால் இராது. ஊர்தோறும் அப்படி உட்கார்ந்து எழுதிய ஒரு தேசம் உண்டு. ஆகையால் இந்த அத்தியாயத்தில் நம் மலையிலுள்ள சோளக்காட்டிலிருந்து வாசகர்களை வெகுதூரம் அழைத்துச்சென்று, பிரிட்டன் தீவின் வடபாகமாகிய ஸ்காட்லாந்தில் சற்றுநேரம் நிறுத்தப்போகிறேன். அந்நாட்டார் தங்கள் ஊர்களின் சமூக சரித்திரத்தைத் தாங்களே எழுதி வைத்துக்கொண்ட அதே பத்து வருஷங்களில், அந்நாட்டில் பிறந்த மனிதர் சிலர் நமது சேலம் சீமைக்கும் கொங்குநாட்டுக்கும் வந்து நம் ஊர்களைப்பற்றியும் கேள்வி கேட்டார்கள் என்பதால், இந்தப் பிரயாணம் நம் சரித்திரத்துக்குப் புறம்பானது அன்று.

ஊரும் ஆலயமும் பள்ளியும்

ஸ்காட்லாந்து ஒரு சிறிய தேசம். அதன் தென்பாகம் உழவுக்கேற்ற தாழ்நிலம், வடபாகமும் மேற்குத் தீவுகளும் மலையும் கற்பாறையும் நிறைந்த, விளைச்சல் குறைந்த நிலம். மலைப்பாகத்தில் கேலிக் என்னும் தொன்மொழி பேசிய மக்கள் குலங்குலமாகத் தத்தம் தலைவனுக்குக் கட்டுப்பட்டு, அவன் நிலத்தில் பயிரிட்டு, அவன் அழைத்தபோது ஆயுதம் ஏந்தி வாழ்ந்தார்கள். 1707-ஆம் வருஷத்தில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு ஒரே ராஜ்யமாக இணைந்தது. 1746-இல் கலோடன் போர்க்களத்தில் மலைக்குலங்களின் படை முறியடிக்கப்பட்ட பிறகு, குலத்தலைவர்களுக்குத் தங்கள் குடிகள்மேல் இருந்த நியாயாதிகாரமும் ராணுவ அதிகாரமும் சட்டத்தால் பறிக்கப்பட்டன. அதுமுதல் தலைவன் தன் குடிகளுக்குத் தந்தை என்னும் நிலை மாறி, நிலத்துக்குச் சொந்தக்காரனாக மட்டுமே நின்றான். இந்த மாறுதலின் கொடிய பலனைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

தாழ்நிலமாயினும் மலையாயினும் தேசம் முழுவதும் ஒரே மாதிரியாக அமைந்திருந்த ஸ்தாபனம் ஒன்று உண்டு. ஓர் ஆலயத்தைச் சார்ந்த ஊர்த்தொகுதியை அவர்கள் ஒரு பங்காகக் கொண்டார்கள். ஒவ்வொரு பங்குக்கும் படித்த பாதிரியார் ஒருவர் நியமிக்கப்பட்டு, அங்கேயே குடியிருந்து, நிலமுடையோர் தரும் சம்பளத்தோடு சிறிது நிலமும் வைத்து ஜீவித்தார். பிறப்பு, விவாகம், மரணம் இவற்றின் பதிவும், ஏழைகளுக்கு உதவும் தர்மநிதியின் கணக்கும், ஊர்ப்பெரியோர் கூடி விசாரித்த வழக்குகளின் குறிப்பும் அவர் பொறுப்பில் இருந்தன. 1696-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று பங்குதோறும் பள்ளிக்கூடம் இருக்கவேண்டுமென்றும், நிலமுடையோர் அதற்கு வீடும் உபாத்தியாயருக்குச் சம்பளமும் தரவேண்டுமென்றும் விதித்தது. எல்லா இடத்திலும் அது செவ்வையாக நடந்ததென்று சொல்ல முடியாது. மலைப்பாகத்தில் ஒரே பங்கு பல மைல் விஸ்தீரணமாக இருந்தபடியால் குழந்தைகள் பள்ளியை எட்டமுடியாத ஊர்கள் பல. எனினும், ஊருக்கு ஊர் எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு மனிதர், அந்த ஊரிலேயே இருபது முப்பது வருஷம் வாழ்ந்து, ஜனங்களின் சுகதுக்கங்களை நேரில் அறிந்தவராக இருந்தார் என்பது பெரிய பாக்கியம்.

சர் ஜான் சிங்கிளேர் அனுப்பிய கடிதம்

இந்தப் பாக்கியத்தைச் சரித்திரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் சர் ஜான் சிங்கிளேர். ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள கேத்னஸ் பிரதேசத்தில், தர்சோ என்னும் கடற்கரை ஊரில், 1754-ஆம் வருஷம் பிறந்த இவர் பெரும் நிலச்சுவான்தார், பார்லிமெண்டு அங்கத்தினர், 1793-இல் பிரிட்டனில் விவசாய போர்டு ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர். ஒரு தேசத்தின் பலத்தை அதன் படையையும் வரியையும் கொண்டு அளப்பதே அக்கால ராஜதந்திரிகளின் வழக்கம். சிங்கிளேரோ, ஜனங்கள் அனுபவிக்கும் சந்தோஷம் எவ்வளவு, அதை விருத்திசெய்யும் வழி யாது என்று அறிவதே இத்தகைய விசாரணையின் நோக்கமாக இருக்கவேண்டுமென்று கருதினார்.

1790-ஆம் வருஷம் அவர் தேசத்திலுள்ள பாதிரியார் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதி, அதனோடு 160 கேள்விகள் அடங்கிய பத்திரம் ஒன்றையும் அனுப்பினார். முதல் 40 கேள்விகள் பூமியின் தன்மை, ஆறு, மலை, காற்று, நோய் முதலியன பற்றியவை; அடுத்த 60 ஜனத்தொகை பற்றியவை; பிறகு 16 கேள்விகள் விளைபொருள் பற்றியவை; மிஞ்சியவை கூலி, விலைவாசி, பள்ளி, ஏழைகள், ஜனங்களின் ஒழுக்கம், பேச்சு, உடை, உணவு என்று பலவகைப்பட்டவை. ஊரில் எத்தனை ஏர், எத்தனை வண்டி. நெசவாளர் எத்தனை பேர், தச்சர் எத்தனை பேர். பண்ணையாளுக்கு வருஷக்கூலி என்ன, அதைக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடிகிறதா. ஊரைவிட்டுப் போனவர் எத்தனை பேர், ஏன் போனார்கள். பழங்காலத்துக் கோட்டையோ கல்லோ சமாதியோ உண்டா. இப்போதைய நிலைமையைவிட ஜனங்கள் மேல்நிலை அடைய வழி என்ன? படிக்கும்போதே நம் நெஞ்சு நம்மூர்களை நோக்கித் திரும்பும்படியான கேள்விகள் இவை.

தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளிலிருந்தும் விடை பெறுவது எளிதாக நடந்துவிடவில்லை. சில பாதிரியார் உற்சாகத்தோடு பல பக்கங்கள் எழுதினார்கள். சிலர் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பலர் பதிலே எழுதவில்லை. ஜனங்களிடம் போய்க் கேட்டபோது, வரியை உயர்த்துவதற்காகவே இந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது என்று அஞ்சி அவர்கள் வாய்திறக்க மறுத்த இடங்களும் உண்டு. சிங்கிளேர் சலிக்காமல் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்; வரும் லாபத்தைப் பாதிரியார்களின் குழந்தைகளுக்கான தர்ம சங்கத்துக்கே கொடுப்பதாக வாக்களித்தார்; கடைசிவரை விடை வராத பங்குகளுக்குத் தாமே ஆட்களை அனுப்பி விவரம் சேகரித்தார். 1791-இல் முதற்பாகம் அச்சாயிற்று. 1799-இல் 21-ஆம் பாகத்தோடு நூல் பூர்த்தியடைந்தது. ஒரு தேசத்தின் ஊர்கள் அனைத்தும், பெரிய நகரமாயினும் பத்து வீடுள்ள குக்கிராமமாயினும், ஒரே வரிசையில் இடம்பெற்று, உள்ளூரில் வாழ்ந்த மனிதராலேயே எழுதப்பட்ட நூல் அதற்கு முன் உலகில் அரிது. பின்பு 1834 முதல் 1845 வரை அதேமுறையில் இரண்டாவது தொகுதியும், இருபதாம் நூற்றாண்டில் மூன்றாவது தொகுதியும் வெளிவந்தன.

இந்நூலின் பெருமை அதன் பருமனில் இல்லை. மாறுதல் நடந்துகொண்டிருந்த தருணத்திலேயே அதைக் கண்டவர் எழுதிவைத்தார் என்பதே அதன் பெருமை. உதாரணமாக ஒன்று சொல்கிறேன். ஓட்ஸ் என்னும் தானியத்தின் கஞ்சியே முக்கிய ஆகாரமாக இருந்த மலைப்பாகத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருளைக்கிழங்கு வந்து புகுந்தது. சிறு நிலத்தில் பெருவிளைச்சல் தந்தபடியால் ஏழைக்குடிகள் அதையே நம்பத் தொடங்கினர். எந்தப் பங்கில் அது எவ்வளவு பரவியிருந்தது, வருஷத்தில் எத்தனை மாதம் ஜனங்கள் அதை உண்டு ஜீவித்தார்கள் என்றெல்லாம் பாதிரிமார் குறித்து வைத்தார்கள். 1846-இல் பூஞ்சைநோய் தாக்கி உருளைக்கிழங்குப் பயிர் அழிந்தபோது மலைப்பாகத்திலும் தீவுகளிலும் கடும்பஞ்சம் வந்தது. ஒரே பயிரை நம்பிய வாழ்வு எப்படி உருவாயிற்று என்று பின்வந்தோர் ஆராய்ந்தபோது, ஐம்பது வருஷத்துக்கு முந்திய அந்த ஊர்க்குறிப்புகளே சாட்சி சொல்லின.

அடுத்த உதாரணம் இன்னும் துயரமானது. குலத்தலைவர் வெறும் நிலச்சொந்தக்காரராக மாறிய பிறகு, குடிகள் தரும் சொற்ப வாரத்தைவிட ஆட்டுப் பண்ணைக்காரர் தரும் குத்தகை பன்மடங்கு என்று கண்டு, பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காகக் குடிகளை வெளியேற்றலாயினர். 1792-இல் ராஸ் பிரதேசத்து உழவர்கள் கூடி, தங்கள் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிய ஆட்டுமந்தைகளைத் தெற்கு நோக்கி ஓட்டிச்சென்றார்கள். அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பி அவர்களைக் கலைத்தது. ஆட்டு வருஷம் என்று கேலிக் மக்கள் இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள். வடக்கே செவியட் என்னும் பெரிய ஆட்டினத்தைக் கொண்டுவந்து பரப்பியவர்களுள் சிங்கிளேரும் ஒருவர் என்பதை நாம் மறைக்கக்கூடாது. ஜனங்களின் சந்தோஷத்தை அளக்க விரும்பிய அதே மனிதர் கொண்டுவந்த ஆடு, பல ஜனங்களின் வீட்டையும் வயலையும் தின்றுவிட்டது. ஆனால், எத்தனை குடும்பம் போயிற்று, யார் நிலம் பண்ணையாயிற்று என்பதற்குரிய சாட்சியம் அவர் தொகுத்த நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஊர்மனிதர் எழுதிய குறிப்பு, அதைக் கேட்டு வாங்கியவருக்கும் எதிராகச் சாட்சி சொல்லவல்லது.

ஸ்டோர்னோவேயிலிருந்து வந்தவர்

ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் சமுத்திரத்தில் கிடக்கும் லூயிஸ் தீவின் துறைமுகம் ஸ்டோர்னோவே. மீன்பிடித்தலும் சிறு வர்த்தகமுமே அதன் ஜீவனம். சிங்கிளேர் பிறந்த அதே 1754-ஆம் வருஷம் இங்கே பிறந்த காலின் மெக்கன்சி, சுங்கச்சாவடி உத்தியோகஸ்தராயிருந்து, 1783-இல் சென்னை ராணுவத்தில் வந்து சேர்ந்தார். வந்த புதிதில் மதுரையில் தங்கி அங்குள்ள பண்டிதர்களோடு பழகியதே தமிழ்நாட்டுப் பழஞ்சரித்திரத்தில் அவருக்கு ஈடுபாடு உண்டாகக் காரணம். பல வருஷம் போர்களிலும் சர்வேயிலும் அலைந்து, மைசூர் ராஜ்யம் முழுவதையும் அளந்து, 1815-இல் இந்தியா முழுவதுக்கும் முதல் சர்வேயர் ஜெனரலாக உயர்ந்து, 1821 மே மாதம் காலமானார்.

நிலத்தை அளப்பதோடு நில்லாமல், ஊர்தோறும் உள்ள ஸ்தலபுராணம், வம்சாவளி, கைபீது, கல்வெட்டு, பட்டயம், நாணயம் ஆகிய யாவற்றையும் அவர் சேகரித்தார். அவர் மறைந்தபோது இலக்கிய ஏடுகள் 1,500-க்கு மேலும், ஊர் வரலாறுகள் 2,000-க்கு மேலும், கல்வெட்டுப் பிரதிகள் 8,000-க்கு மேலும் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியார் அவற்றை அவர் மனைவியிடமிருந்து விலைகொடுத்து வாங்கினர். ஒருபகுதி லண்டனுக்குப் போக, தென்னாட்டு மொழிகளிலிருந்த ஏடுகளிற் பெரும்பாலன சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தை வந்தடைந்தன. கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார், மைசூரார் என்று கொங்குநாட்டை ஆண்டோரை வரிசையாகக் கூறும் 'கொங்குதேச ராஜாக்கள்' என்னும் தமிழ் உரைநடை நூல் நமக்குக் கிடைத்தது இந்தத் தொகுதியிலிருந்துதான். கொல்லிமலையின் மேற்குச் சாரலில் நின்று கொங்குச் சரித்திரம் பேசுவோர் அனைவரும் லூயிஸ் தீவின் அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்களே.

ஆனால் அந்தக் கடனை நாம் யாருக்கெல்லாம் செலுத்தவேண்டும் என்பதில் தவறு செய்யலாகாது. மெக்கன்சிக்கு இந்த நாட்டு மொழிகள் தெரியா. இதை அவரே தம் கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். உள்ளே புகும் வாசலைத் தமக்குத் திறந்துவிட்டவர் காவலி வெங்கட போரய்யா என்றும் அவர் நன்றியோடு எழுதினார். 1803-இல் போரய்யா இளவயதிலேயே மறைந்தபின் அவர் தம்பி லட்சுமய்யா அந்தப் பணியை ஏற்றார். வெயிலில் நடந்து, கோயில் குருக்களிடமும் மணியக்காரரிடமும் கணக்குப்பிள்ளையிடமும் பொறுமையாகப் பேசி, சந்தேகம் கொண்டவரைச் சமாதானம் செய்து, ஏட்டைப் பார்த்துப் பிரதிசெய்தவர்கள் இந்நாட்டவர்கள். ஸ்காட்லாந்தில் பாதிரியார் எந்த ஸ்தானத்தில் நின்றாரோ அந்த ஸ்தானத்தில் இங்கே நின்றவர்கள் இவர்களே.

கிளாஸ்கோவும் பாராமகாலும்

கிளைட் நதிக்கரையிலுள்ள கிளாஸ்கோ நகரம் புகையிலையால் செழித்தது. 1707-ஆம் வருஷத்து இணைப்பினால் ஆங்கிலக் குடியேற்றங்களோடு வர்த்தகம் செய்யும் உரிமை ஸ்காட்லாந்தாருக்குக் கிடைக்கவே, அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவின் புகையிலை கிளாஸ்கோ வர்த்தகர் கைக்கு வந்தது. அவர்கள் அதை ஐரோப்பாவெங்கும் விற்று மாளிகை கட்டி வாழ்ந்தார்கள். அந்தச் செல்வத்தின் அடியில் வர்ஜீனியாத் தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்த ஆப்பிரிக்கரின் உழைப்பு இருந்தது. 1775-இல் அமெரிக்க யுத்தம் மூண்டதும் அந்த வர்த்தகம் அற்றுப்போய்ப் பல குடும்பங்கள் நொடித்தன. அவ்வாறு நொடித்த வர்த்தகர் ஒருவரின் குமாரர் தாமஸ் மன்றோ. 1761-இல் பிறந்து, நகரத்து இலக்கணப் பள்ளியிலும் சர்வகலாசாலையிலும் படித்து, வர்த்தகக் கணக்கு எழுதிப் பழகிய அந்த இளைஞர், குடும்பத்தின் க்ஷீணத்தால் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். ஸ்காட்லாந்திலிருந்து அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்த இளைஞர் பலருடைய கதையும் இதுதான்: ஊரில் நிலமில்லை, அல்லது இருந்த தொழில் போயிற்று, படிப்பு மட்டும் மிஞ்சியது.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், சேலத்துக்கு வடக்கேயுள்ள பாராமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தன. மொழி தெரிந்தவரே இந்தச் சீமையை நிர்வகிக்கவேண்டுமென்று கருதிய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், காப்டன் அலெக்சாண்டர் ரீடைத் தலைவராகவும், மன்றோ, மக்லியாட், கிரஹாம் என்னும் மூவரை உதவியாளராகவும் நியமித்தார். வடபாகம் கிரஹாமுக்கும், தர்மபுரி சார்ந்த நடுப்பாகம் மன்றோவுக்கும், சேலம் சார்ந்த தென்பாகம் மக்லியாடுக்குமாகப் பொறுப்புப் பகுக்கப்பட்டது. ஊர் ஊராக நிலம் அளக்கப்பட்டது. ஜாதி, தொழில், பயிர், நீர்ப்பாசனம், தறி, சந்தை, சுங்கம் யாவும் விசாரிக்கப்பட்டன. ஸ்காட்லாந்துப் பாதிரிமார் சிங்கிளேருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், நம் சேலத்து மணியக்காரரும் கர்ணமும் இந்த ராணுவ உத்தியோகஸ்தருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே உழவர் வரியை நினைத்து அஞ்சியதுபோலவே இங்கேயும் அஞ்சினார்கள். ஆனால் அங்கே அந்த அச்சம் வீணாயிற்று, இங்கே அது முற்றும் நியாயமாயிற்று. ஏனென்றால், இங்கே கேள்வி கேட்டது வரி நிர்ணயிப்பதற்காகவேதான்.

இடையில் யாரும் நிற்காமல் பயிரிடும் குடியானவனிடமே அரசாங்கம் நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இந்தச் சீமையில்தான் உருப்பெற்றது. 1799-இல் ரீடும் மன்றோவும் மைசூர் யுத்தத்துக்காக இங்கிருந்து சென்றார்கள்; அதன்பின் கம்பெனியார் இந்த ஜில்லாவை மிட்டாக்களாகப் பிரித்து ஏலத்தில் விற்றனர்; மிட்டாதாரர் பலர் கிஸ்தி கட்டமுடியாமல் நிலைகுலைந்தனர். 1820-இல் மன்றோ சென்னைக்குக் கவர்னராக வந்தபின் ரயத்துவாரியே ராஜதானியின் பொதுமுறையாயிற்று. உழவனுக்குத் தன் பெயரில் பட்டா கிடைத்தது அம்முறையின் நன்மை; தீர்வையின் பாரம் கடுமையாயிருந்தது அதன் தீமை. அந்தப் பாரத்தை மன்றோவே உணர்ந்து, பின்னர்த் தாம் நிர்வகித்த ராயலசீமை ஜில்லாக்களில் நாலில் ஒருபங்கு தீர்வையைக் குறைக்கும்படி 1807-இல் சிபாரிசு செய்தார். தர்மபுரியில் தம் கையால் உண்டாக்கிய தோட்டத்தைப் பிரிய நேர்ந்ததைப்பற்றி அவர் எழுதிய கடிதத்தைப் படிப்போர், இந்தச் சீமையில் அவர் வைத்திருந்த பற்றை ஐயுறமாட்டார்கள்.

கவர்னராக இருந்தபோது 1822-இல் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை மாணவர், எந்த ஜாதியார், என்ன படிக்கிறார்கள், செலவு எவ்வாறு நடக்கிறது என்று கலெக்டர்களைக் கேட்டார். பங்குதோறும் பள்ளி என்ற சட்டத்தின் கீழ் வளர்ந்த மனிதருக்கு இது இயல்பான கேள்வி. 1826-இல் தொகுக்கப்பட்ட விடையின்படி ராஜதானியில் 12,498 பள்ளிகளும் 1,88,000-க்கு மேற்பட்ட மாணவர்களும் இருந்தார்கள். ஆங்கிலேயர் வருமுன் நம் நாட்டில் கல்வியே இல்லையென்று பிற்காலத்தில் சொன்னோர்க்கெல்லாம் இந்தக் கணக்கே தக்க பதிலாயிற்று. மறுவருஷம், 1827 ஜூலை 6-இல், பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு மன்றோ இறந்தார்.

நம் பதினான்கு நாடுகள்

இவ்வளவையும் விரிவாகச் சொன்னதன் நோக்கம் இப்போது விளங்கும். சமவெளி ஊர்களுக்குப் பாராமகால் பதிவுகள் உண்டு. 1907 முதல் அவை அச்சிலும் வந்தன. கொங்கரசர் வரலாற்றுக்கு மெக்கன்சியின் ஏடு உண்டு. சேர்வராயன் மலைக்கு, 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்து ஏற்காட்டில் காப்பி பயிரிட்ட எம்.டி. காக்பர்னின் காலத்திலிருந்தே துரைமார் எழுதிய குறிப்புகள் உண்டு. நம் கொல்லிமலைக்கோ, 1883-இல் லெ ஃபானு தொகுத்த சேலம் ஜில்லா நூலிலும், 1909-இல் தர்ஸ்டன் வெளியிட்ட ஜாதிகள் பற்றிய ஏழு பாகங்களிலும், 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டியரிலும் சில பக்கங்கள் கிடைத்தன. அந்தப் பக்கங்கள் மதிப்புடையவையே. அவற்றை இத்தொடரில் நானும் பயன்படுத்துகிறேன். ஆயினும், எழுதியவர் அனைவரும் வெளியார். வினாவும் அவர்களுடையது, விடையும் அவர்கள் கேட்டு எழுதியது. ஸ்காட்லாந்தில் வினா வெளியிலிருந்து வந்தாலும் விடை ஊருக்குள்ளிருந்து வந்தது. அந்த வித்தியாசத்தினால்தான் அங்கே ஊரின் குரல் கேட்கிறது, இங்கே கேட்கவில்லை.

காலம் கடந்துவிட்டது என்று கைகட்டி இருப்பதற்கு நியாயமில்லை. வளப்பூர், வாழவந்தி, சேலூர், தின்னனூர், அரியூர், தேவனூர், ஆலத்தூர், குண்டனி, குண்டூர், சித்தூர், பைல், பேரக்கரை, திருப்புலி, எடப்புலி என்று பதினான்கு நாடுகளும் பழம்பெயர் மாறாமல் ஊராட்சிகளாக இன்றும் நிலைத்திருக்கின்றன. தேசத்தின் பிற பகுதிகளில் நாடு என்னும் பழைய பிரிவு கல்வெட்டோடு நின்றுவிட்டது. இங்கே அது நிர்வாகத்திலும் ஜனங்களின் நாவிலும் ஜீவனோடு இருக்கிறது. ஊர்க்கவுண்டர், நாட்டுக்கவுண்டர், பட்டக்காரர் என்ற பொறுப்புகளை வகித்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தீர்த்த வழக்குகளை நினைவுகூரும் முதியோர் இருக்கின்றனர். பள்ளிக்கூடங்களில் சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கின்றன. பாதிரியார் இல்லாவிட்டால் என்ன? நாடுதோறும் உபாத்தியாயர் இருக்கிறார்; மலையிலேயே பிறந்து காலேஜில் படித்துத் திரும்பிய வாலிபரும் யுவதிகளும் இருக்கிறார்கள்.

எழுதவேண்டியது என்ன என்றால், முதலில் பயிரின் கதையை எழுதவேண்டும். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று சிறுதானியங்கள் விளைந்த கொல்லைக்காடுகள், மலைப்பாதை ஏற்பட்டு லாரி வந்தபின், சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக்கு மாறின. கையில் ரொக்கம் புழங்கத் தொடங்கியது. வீட்டுக் குதிரில் தானியம் குறைந்தது. ஸ்காட்லாந்து மலைப்பாகத்தில் உருளைக்கிழங்கு புகுந்த விதத்தைப் பாதிரிமார் எழுதிவைத்ததுபோல, எந்த நாட்டில் எந்த வருஷம் எந்தக் காடு மரவள்ளிக்கு மாறிற்று, எந்தெந்தச் சாமை வகைகள் மறைந்தன, விதையை எந்த வீட்டுப் பெண்கள் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை, நினைவுள்ள தலைமுறை இருக்கும்போதே எழுதிவிடவேண்டும். விதையைத் தேர்ந்து, உலர்த்தி, அடுத்த விதைப்புக்குப் பத்திரப்படுத்தியவர்கள் பெண்களாதலால், இந்த அத்தியாயத்துக்கு அவர்களே பிரதான சாட்சிகள்.

அடுத்து, பாதையின் கதை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகள் ஏறிச் சோளக்காட்டை அடையும் சாலை உண்டாவதற்கு முன், தலைச்சுமையாகப் பலாவையும் வாழையையும் சுமந்து ஒற்றையடித் தடங்களில் இறங்கியவர்கள் எந்தத் தடத்தில் இறங்கினார்கள், எங்கே இளைப்பாறினார்கள், நோயாளியையும் பிரசவ வேதனைப்படும் தாயையும் எப்படித் தூக்கிச் சென்றார்கள் என்பவை எழுதப்படவேண்டும். சாலை மலையேறிய இடத்தில் சோளக்காடு சந்தை ஊராயிற்று. அன்னாசியும் பலாவும் மிளகும் காப்பியும் இங்கே கைமாறுகின்றன. இதற்கு முன்பு மலைப்பண்டம் எந்த அடிவாரத்துச் சந்தைகளில் விலைபோயிற்று, எடையையும் விலையையும் யார் நிர்ணயித்தார்கள், உப்பும் துணியும் கடனாக வாங்கிய மலைக்குடி அந்தக் கடனை என்ன கொடுத்துத் தீர்த்தது என்பவற்றுக்கு விடை கிடைத்தால், மலைக்கும் சமவெளிக்கும் இருந்த உறவின் உண்மையான சரித்திரம் வெளிப்படும்.

மூன்றாவதாக, நிலத்தின் உரிமை. எந்தக் காடு யாருக்குப் பாத்தியம், எது நாட்டுக்குப் பொது, எது சர்க்கார் வனமாயிற்று, பட்டா யார் பெயரில் எப்போது வந்தது என்பனவற்றை ஆதாரத்தோடு எழுதவேண்டும். ராஸ் பிரதேசத்து உழவர்கள் மேய்ச்சல் நிலம் இழந்த வழக்கில் ஊர்க்குறிப்பு எத்தகைய சாட்சியாயிற்று என்று கண்டோம். எழுத்தில் இல்லாத உரிமையை நிலைநாட்டுவது எளியவர்க்கு எப்போதும் கடினம்.

கேள்விப் பத்திரம் 160 கேள்விகளோடு அமையவேண்டிய அவசியமில்லை. நாற்பது கேள்விகள் போதும். ஒவ்வொரு நாட்டிலும் ஒருவர் பொறுப்பேற்று, ஊரார் முன்னிலையில் கேட்டு எழுதி, எழுதியதை மறுபடியும் அவர்களுக்கே வாசித்துக்காட்டிப் பிழை திருத்தி, ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பிரதியை ஊராட்சியிலும் வைக்கவேண்டும். கேட்பவர் வரி வாங்க வந்தவரல்லர், ஓட்டுக் கேட்க வந்தவருமல்லர், நம்மவரே என்று ஜனங்கள் அறிந்தால் வாய்திறப்பார்கள். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது நம் மலையின் நிர்வாகம் நமக்குக் கொஞ்சம் அருகில் வந்தது. அதுபோல் நம் சரித்திரமும் அருகில் வரவேண்டுமானால் அதை நாமேதான் கொண்டுவரவேண்டும். சிங்கிளேருக்கு ஒன்பது வருஷம் பிடித்த வேலை தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளுக்கு; நமக்கு உள்ளவை பதினான்கே நாடுகள்.

அடுத்த அத்தியாயத்தில், இங்கிலாந்திலிருந்து வந்து வாழவந்தி நாட்டில் வீடு கட்டித் தங்கி, வைத்தியமும் தச்சுவேலையும் கற்பித்து, 1929 ஜூனில் காய்ச்சலால் மாண்டு இம்மண்ணிலேயே அடக்கமான ஜெஸ்ஸி பிராண்டையும், அவர் மறைந்தபின்பும் மலைகளை மறவாது திரும்பிவந்து ஊழியம் செய்த அவர் மனைவி எவ்லினையும், இம்மலையில் வளர்ந்து பின்னாளில் வேலூரில் குஷ்டரோகிகளின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற அவர்கள் குமாரர் டாக்டர் பால் பிராண்டையும் பற்றிக் காண்போம்.

(தொடரும்)